இரவை மட்டும்தான் கேட்கிறோம்

ஈரோடு மாவட்டத்தின் திம்பம் மலைப்பாதையில் காட்டு விலங்குகளுக்காக விதிக்கப்பட்ட இரவுப் போக்குவரத்துத் தடையை நீக்கச் சொல்லும் குரல்கள் மறுபடியும் எழுந்திருப்பதையும், தடை தொடர வேண்டும் என்று எழுதிய என் பதிவின் கீழ் நேற்று நடந்த சண்டையையும் பார்த்திருப்பீர்கள். "யானைக்கு இருக்கும் மதிப்பு மனிதனுக்கு இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு விருப்பமிட்டவர்களில் சத்தியமங்கலத்தில் என்னோடு படித்தவர்களும் இருந்ததுதான் என்னை உறங்கவிடவில்லை.

சாலையை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 948ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பண்ணாரி முதல் காரப்பள்ளம் வரை, 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காட்டின் நடுவே செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் அந்தக் காட்டில், சரக்கு வண்டிகளுக்கு மாலை ஆறு மணியிலிருந்தும் மற்றவற்றுக்கு இரவு ஒன்பதிலிருந்தும் காலை ஆறு வரை தடை. மாவட்ட ஆட்சியரின் அறிவிக்கை 2019 ஜனவரியிலேயே வந்தும் மூன்று ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்து, உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பக்கத்தில், கர்நாடகத்தின் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தில் 2009 முதலே இரவுத் தடை இருக்கிறது. பகல் முழுவதும் சாலை நம்முடையது. இரவை மட்டும்தான் கேட்கிறோம்.

மலைக்கு மேலே தாளவாடியில் என் மாமா முட்டைக்கோஸ் பயிரிடுகிறார். விடியற்காலைச் சந்தைக்குச் சரக்கு போய்ச் சேராவிட்டால் விலை விழுந்துவிடும் என்ற அவருடைய கவலை உண்மையானது. அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயாளிகளைக் காட்டி வாதிடுகிறவர்களுக்கு விடை உண்டு: அவசர மருத்துவ ஊர்திகளுக்குத் தடையே கிடையாது. இதை இன்னும் எத்தனை முறை எழுதுவது?

கரும்பு லாரியை யானை மறிக்கும் காணொளியைப் பகிர்ந்து, 'வழிப்பறி' என்று சிரிக்கிறீர்கள். அளவுக்கு மீறி ஏற்றிவந்த கரும்பை, சோதனைச்சாவடியின் உயரத் தடுப்பில் இடிக்காமலிருக்க உருவிச் சாலையோரம் வீசியது யார்? அந்தக் கரும்பின் ருசிதான் யானையைச் சாலைக்கு இழுத்தது. பழக்கிவிட்டவர்கள் நாம், பழி அதற்கு.

எனக்கென்ன தெரியும் என்று கேட்பவர்களுக்காக, இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். தடை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஆசனூர்ப் பக்கத்திலிருந்து இரவில் உறவினர் ஒருவரின் காரில் மலையிறங்கிக்கொண்டிருந்தோம். விளக்கொளியில் கண் கூசி நின்றுவிட்ட புள்ளிமான் மீது வண்டி மோதியது. வேகமாகப் போகலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இறங்கிப் பார்த்தபோது அது இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளிப் புதரோரத்தில் அதன் குட்டி நின்றது. எங்களுக்குப் பின்னால் வந்த லாரிகள் வழிகேட்டு ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தன. நாங்கள் மானைச் சாலையோரம் இழுத்துப் போட்டுவிட்டுப் புறப்பட்டோம். குட்டி அப்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.