சுட்டது யாரென்று தெரிந்த பிறகு அப்பீல் எதற்கு?

போன ஞாயிறு சிங்கப்பூர் தேக்கா சந்தையின் கீழ்த்தளத்தில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தேன். பக்கத்து மேசை அண்ணன் கைபேசியில் ஏதோ அமெரிக்கச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கிச் சூடு, ஒருவர் செத்துப்போனார், இன்னொருவருக்குக் காயம். கொலை, தாக்குதல் இரண்டிலுமே குற்றவாளி என்று தீர்ப்பாகி, இப்போது அப்பீல்.

"மூஞ்சி கேமராவுல தெரியுது தம்பி. அப்புறம் என்னா அப்பீலு?"

சும்மா இருந்திருக்கலாம். வாயைத் திறந்தேன், தே ஆறிப்போனது.

யார் சுட்டது என்பது முதல் கேள்வி மட்டும்தான். கொல்ல நினைத்தானா, மிரட்ட நினைத்தானா, காயம்பட்ட இரண்டாவது ஆளையும் குறிவைத்தானா? கொலைக்கும் அதைவிடச் சிறிய குற்றத்துக்கும் நடுவே இருக்கிற கோடு இதுதான். கேமராவில் விரல் தெரியும், மனசு தெரியாது. அமெரிக்காவில் இதைச் சாதாரணமாக 12 ஜூரிகள், அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த ஆட்கள், முடிவு செய்கிறார்கள். அறையைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வந்து 'குற்றவாளி' என்பார்கள், காரணம் எழுதித் தரமாட்டார்கள். அதனால் அங்கே அப்பீல் வக்கீல்கள் அடிக்கடி நோண்டுவது, நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை எப்படி விளக்கினார் என்பதைத்தான்.

நம்மூரில் ஜூரி முறை 1969-லேயே ஒழிந்தது. நீதிபதியே காரணங்களைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். மேலே இருப்பவர்கள் அதைப் படித்து, சட்டத்தில் பிழையா, ஆதாரங்களோடு ஒட்டாத முடிவா என்று பார்க்கிறார்கள். சாட்சியை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி. அவர் நம்பியதைச் சுலபத்தில் மாற்ற மாட்டார்கள். அப்பீல் போட்டால் தப்பித்துவிடலாம் என்பதெல்லாம் கோப்பிக் கடைக் கணக்கு.

'ஒற்றைக்கண் டிராகன்' டான் சோர் ஜின்னை நம்மில் பலருக்கு ஞாபகமிருக்கும். 2006 பிப்ரவரியில் சிராங்கூன் வட்டாரத்து வீடு ஒன்றில் சுட்டவர். வக்கீல் வேண்டாமென்று விசாரணையில் தானே வாதாடினார். தற்காப்பு, விபத்து, குடிபோதை என்று சொன்ன எதுவும் எடுபடவில்லை. மேல்முறையீடும் 2008-இல் தள்ளுபடி. மறு வருடம் ஜனவரியில் தூக்கு. அவர்மேல் எனக்கு அனுதாபம் கிடையாது. ஆனாலும் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து அந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்களே, அதை வீண்வேலை என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் நம் ஆயுதக் குற்றச் சட்டத்தில் ஆள் சாகவே வேண்டியதில்லை. காயப்படுத்தும் நோக்கத்தில் சுட்டாலே கட்டாய மரண தண்டனை. அந்த நோக்கம் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று சுட்டவன்தான் நிரூபிக்க வேண்டும். 2013-லிருந்து சில வகைக் கொலைகளுக்கு ஆயுள் தண்டனையா தூக்கா என்று நீதிபதி முடிவு செய்யலாம். துப்பாக்கிக்கு அந்த இடம் இல்லை. தண்டனையைக் குறைக்கச் சொல்லி அப்பீலில் கேட்கவும் வழியில்லை. ஆக, மொத்தக் கனமும் 'குற்றவாளியா' என்ற ஒரே கேள்விமேல் வந்து விழுகிறது. 14 நாளுக்குள் மனு போட வேண்டும். தூக்குத் தண்டனை பெற்றவன் போடாமல் விட்டாலும், அரசாங்கத் தரப்பே வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வைத்தாக வேண்டும். இதை அண்ணன் நம்பவே இல்லை.

நான் மொழிபெயர்ப்பில் சோறு தின்கிறவன். அதனால் அவரிடம் ஒன்று கேட்டேன்.

"அண்ணே, நம்மாளு ஒருத்தன் போலீஸ்ல 'போட்டுட்டேன்'னு சொல்றான். துப்பாக்கிய கீழ போட்டானா, ஆளப் போட்டானா? இங்கிலீசுல எப்படி எழுதுவீங்க?"

"அவன் சொல்ற தோரணையிலேயே தெரியுமே!"

"தோரணைய எப்படிண்ணே டைப் பண்றது?"

அண்ணன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டி, பாலும் சீனியும் இல்லாத தேநீர் கேட்டார். "தே ஓ கொசோங்."