கையில் எத்தனை மாதக் காசு?

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தம்பி வாட்ஸப்பில் ஒரு பிரஸ் ரிலீஸை அனுப்பினார். கீழே மூன்று ராக்கெட் பொம்மை. "அண்ணே, பாத்தீங்களா? நாளைக்கு மார்க்கெட் திறந்ததும் எங்க போகும்னு நினைக்கிறீங்க?" மூன்று வருடமாக அவர் விடாமல் வைத்திருக்கும் ஒரு சின்ன டெக்னாலஜி கம்பெனி. சென்சார் செய்கிறார்கள். முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "கம்பெனி கையில எத்தனை மாசத்துக்குக் காசு இருக்கு?"

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் ஒரு வரி: "உங்ககிட்ட நல்ல சேதி சொன்னாலே இப்படித்தான்."

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளைக்குக் கடன் எவ்வளவு என்று கேட்கிற ஆள் மாதிரிதான் நான் நடந்துகொண்டேன். ஆனாலும் சின்ன டெக் கம்பெனி விஷயத்தில் வேறெந்தக் கேள்வியையும் இதற்கு முன்னால் கேட்க எனக்கு மனசு வருவதில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த ரிலீஸ். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகை அறிக்கைகள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. "உலகின் முன்னணி நிறுவனம் ஒன்றுடன்" என்று ஆரம்பிக்கிறது. எந்த நிறுவனம்? சொல்லவில்லை. "பல ஆண்டுக் கூட்டுறவு" என்கிறது. எவ்வளவு தொகைக்கு? அதுவும் இல்லை. நான்காவது பத்தியில்தான் "மதிப்பீட்டுக் கட்டம்" என்று வருகிறது. அதாவது, பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று எதிராளி சொல்லியிருக்கிறார். அப்புறம் தலைமை அதிகாரி மிகுந்த உற்சாகத்தில் இருப்பதாக ஒரு வரி. இவர்கள் உற்சாகம் குறைந்து நான் பார்த்ததே இல்லை. கம்பெனியை மூடுவதற்கு முந்தைய வாரம் வரைக்கும் உற்சாகம்தான்.

கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பெரிய பத்தி இருக்கும், யாரும் படிக்காதது. எதிர்காலத்தைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் நடக்காமலும் போகலாம் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் 1995-இல் வந்த ஒரு சட்டம், இப்படித் தகுந்த எச்சரிக்கையோடு சொல்லப்படும் எதிர்பார்ப்புகளுக்காகக் கம்பெனிமீது வழக்குப் போட்டு ஜெயிப்பதைக் கடினமாக்கியது. ஆகவே மேலே எவ்வளவு வெல்லம் தடவினாலும் கீழே அந்தப் பத்தி கட்டாயம் இருக்கும்.

இன்னொரு சின்ன சோதனை உண்டு. அமெரிக்கச் சந்தையில் பட்டியலான கம்பெனி, முக்கியமான ஒப்பந்தம் போட்டால் நான்கு வேலை நாட்களுக்குள் ஃபார்ம் 8-கே என்ற படிவத்தில் பங்குச்சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கமான வியாபார ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக இந்தக் கட்டாயம் கிடையாது. ஊருக்கெல்லாம் தமுக்கடித்துச் சொன்ன ஒப்பந்தம் அந்தப் படிவத்தில் 'முக்கிய ஒப்பந்தம்' என்ற தலைப்பின் கீழ் வரவே இல்லையென்றால், கம்பெனியின் வக்கீலே அதை அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். ஒரு கம்பெனியிடம் 1.2 கோடி டாலர் இருக்கிறது, காலாண்டுக்கு 60 லட்சம் செலவாகிறது, விற்பனை பேருக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் கஜானா காலி. மொத்தம் 10 கோடிப் பங்குகள், ஒரு பங்கு ஒரு டாலர். லாபம் இல்லாத கம்பெனிக்கு வங்கி லேசில் கடன் தராது. பெரும்பாலும் மிச்சம் இருப்பது ஒரே வழி, புதுப் பங்கு அச்சடித்து விற்பது. அவசரத்தில் விற்பவனுக்கு முழு விலை கிடைக்காது. 80 சென்ட் என்று போடுங்கள். ஒரு வருடச் செலவான 2.4 கோடி டாலருக்கு 3 கோடிப் புதுப் பங்குகள். கம்பெனியில் ஒரு சதவீதம் வைத்திருந்தவர் கையில் இப்போது 0.77 சதவீதம்தான். மூன்று வருடம் இப்படியே ஓடினால் ஏறக்குறைய பாதி. அதாவது கம்பெனியின் மொத்த மதிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானால்தான் நம் பங்கின் விலை இருந்த இடத்திலேயே நிற்கும். கூடவே, பின்னால் குறித்த விலைக்கு இன்னும் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமையான வாரண்ட் வேறு கொடுத்திருப்பார்கள். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நல்ல சேதிக்கும் இந்தப் பங்கு விற்பனைக்கும் உள்ள உறவைக் கவனித்தால் தூக்கம் கெடும். விலை ஏறிய நாளில்தான் புதுப் பங்கு விற்பது லாபம். விலை ஏற வேண்டுமென்றால் சேதி வேண்டும். சந்தையில் அன்றன்றைய விலைக்கே கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப் பங்குகளை விற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் 'அட்-தி-மார்க்கெட்', சுருக்கமாக ஏடிஎம் என்றுதான் பெயர். இதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் திட்டமிட்டு வைத்திருக்க முடியாது. சேதி வந்த அன்று நாம் பாய்ந்து வாங்கும் பங்கை நமக்கு விற்பவர் பல நேரம் அந்தக் கம்பெனியேதான்.

சேதி பொய்யாக இருந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய பயம் இல்லை. குளிர்ந்த தேநீர் விற்றுக்கொண்டிருந்த லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ கம்பெனி 2017 டிசம்பரில் தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றிக்கொண்ட அன்று பங்கு விலை தாவியதே, அந்த மாதிரிக் கூத்தைக் கொஞ்சம் நிதானித்தால் அடையாளம் கண்டுவிடலாம். அந்தப் பங்கின் பதிவையே 2021-இல் ஆணையம் ரத்து செய்துவிட்டது. அதை விடுங்கள். சேதி உண்மையாகவே இருந்து, நம் ஊகமும் சரியாகவே இருந்து, அப்படியும் கைக்குக் காசு வராமல் போவதுதான் எனக்குப் பயம்.

மைக்ரோவிஷன் கதையை இதற்காகவே அடிக்கடி சொல்வேன். 1993-இல் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனி. லேசர் ஒளியைத் துளிக் கண்ணாடியால் அசைத்துப் படம் வரையும் தொழில்நுட்பம், உண்மையிலேயே அழகான வேலை. 2017 ஏப்ரலில் "ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்துடன்" ஒப்பந்தம் என்று அறிவித்தார்கள். பெயர் சொல்லவில்லை. முன்பணம் 1 கோடி டாலர், மேம்பாட்டு வேலைக்கு 1.4 கோடி வரை. சின்ன முதலீட்டாளர்கள் காப்புரிமை ஆவணங்களைப் புரட்டினார்கள், இது மைக்ரோசாஃப்டாகத்தான் இருக்க வேண்டும், கண்முன்னால் படம் காட்டும் அதன் ஹோலோலென்ஸ் 2 என்ற மூக்குக்கண்ணாடிக்காகத்தான் என்று முடிவுகட்டினார்கள். அந்த உழைப்பைப் பார்த்தால் பெரிய தரகு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் வெட்கப்பட வேண்டும். அவர்கள் ஊகம் அப்படியே பலித்தது.

பலித்து என்ன வந்தது? அந்தக் கண்ணாடி தொழிற்சாலைகளுக்கும் ராணுவத்துக்கும் போகிற விலையுயர்ந்த சரக்கு, லட்சக்கணக்கில் குவிகிற பொருள் இல்லை. 2020-இல் அந்தக் கண்ணாடிக்குள் போகும் உறுப்பைத் தயாரிக்கும் வேலையே வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக ராயல்டி என்றார்கள். அந்த ராயல்டியும் ஏற்கெனவே வாங்கிய முன்பணத்தில் கழிந்துகொண்டே வந்தது. கணக்குப் புத்தகத்தில் வருமானம் என்று ஒரு வரி ஏறும், வங்கிக் கணக்கில் ஒரு டாலர் கூட ஏறாது. அந்த வருடத் தொடக்கத்தில் கம்பெனி ஊழியர்களில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பியது. பங்கு ஒரு டாலருக்குக் கீழே கிடந்தது.

அதே பங்கு 2021 ஏப்ரலில் 20 டாலரைத் தாண்டியது. தானாக ஓடும் கார்களுக்கு லேசரால் தூரம் அளந்து சொல்லும் லைடார் கருவி, கம்பெனியை யாரோ வாங்கப்போகிறார்கள் என்ற வதந்தி, சின்ன முதலீட்டாளர்களின் கூட்டு ஆவேசம், எல்லாம் சேர்ந்து தூக்கியது. அந்த ஏற்றத்தில் கம்பெனி புதுப் பங்குகளை விற்றுப் பணம் திரட்டிக்கொண்டது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், சொல்லப்போனால் இன்னும் அதிகமாக விற்றிருப்பேன். 2024-இல் பங்கு திரும்பவும் ஒரு டாலரை ஒட்டி வந்து நின்றது. அந்த ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பையும் அதே வருடம் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

காப்புரிமை வழக்கை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு பார்க்கர்விஷன் என்ற சின்ன அமெரிக்கக் கம்பெனியின் கதை. 2011-இல் செல்போன் சிப் செய்யும் பெரிய நிறுவனமான குவால்காம் மீது வழக்கு. 2013-இல் நடுவர் குழு சுமார் 17.3 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. பங்குதாரர்கள் அன்று எப்படி இருந்திருப்பார்கள்! 2014-இல் அதே வழக்கின் நீதிபதி அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டார், 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வழக்கு வருடக்கணக்கில் நடக்கும், வக்கீலுக்குச் செலவு மாதக்கணக்கில் ஆகும். அங்கேயும் வந்து நிற்பது அதே கேள்வியில்தான்.

"அப்படிப் பார்த்தால் அமேசானை வாங்கியிருக்கவே முடியாதே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வாருங்கள், அதையே பார்ப்போம். 1999 கடைசியில் 100 டாலருக்கு மேல் இருந்த பங்கு 2001-இல் 6 டாலருக்குக் கீழே போனது உண்மை. ஆனால் 2000 பிப்ரவரியில், டாட்காம் என்ற இணையக் கம்பெனிப் பங்குகளின் சந்தை உச்சம் தொட்டுச் சரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், அமேசான் ஐரோப்பாவில் 69 கோடி யூரோவுக்குக் கடன் பத்திரம் விற்றுப் பணத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டது. 2001-இன் கடைசிக் காலாண்டில் முதல்முதலாக லாபம் காட்டியது, பங்குக்கு ஒரு சென்ட். அந்தப் பணம் இல்லாமல் இடைப்பட்ட காலத்தைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்தான். யோசனை நன்றாக இருந்தும் அந்தக் காலத்தில் காணாமல் போனவர்கள் ஏராளம். அமேசானை உதாரணம் காட்டுகிறவர் யாரும் அந்தப் பத்திர விற்பனையைச் சொல்லிக் கேட்டதில்லை.

இதையெல்லாம் நான் பிறவியிலேயே தெரிந்துகொண்டு வரவில்லை. என் முதல் சின்னக் கம்பெனியில் 2,000 பங்கு வாங்கினேன். இறங்க இறங்க வாங்கி 'ஆவரேஜ்' செய்தேன். ஆவரேஜ் என்பது எவ்வளவு மரியாதையான வார்த்தை பாருங்கள், ஏதோ கணக்குப் பாடம் போல. அந்தப் பங்கை வைத்திருந்தவர்களின் குழுவில் யாராவது கம்பெனியிடம் காசு எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் "ஷார்ட் அடிச்சிருக்கீங்களா, எவ்வளவு வாங்குனீங்க?" என்று, விலை இறங்கினால் லாபம் பார்க்கிற ஆளாகவே அவரை நினைத்துப் பாய்ந்தவர்களில் நானும் ஒருவன். நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச்சந்தையில் ஒரு பங்கு தொடர்ந்து 30 வேலை நாட்கள் ஒரு டாலருக்குக் கீழே இருந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும், சரிசெய்ய முதலில் 180 நாள் கிடைக்கும். எங்களுக்கும் கடிதம் வந்தது. கம்பெனி ரிவர்ஸ் ஸ்ப்ளிட் செய்தது, அதாவது 25 பங்கைச் சேர்த்து ஒன்றாக்கியது. கடைசியாக ஆவரேஜ் செய்ததையும் சேர்த்து 6,000 வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் 240. விலை 25 மடங்கு ஏறியிருந்ததால் முதல் இரண்டு நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த மாதமே புதுப் பங்கு விற்றார்கள்.

அப்படியானால் நான் எந்தச் சேதிக்குத்தான் மயங்குவேன்? வாங்கியவர் பெயர் இருக்க வேண்டும், தொகை இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், போன வருடம் வாங்கியவரே இந்த வருடம் மறுபடியும் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவது ஆர்டருக்கு எப்போதும் பிரஸ் ரிலீஸ் வராது, பல நேரம் காலாண்டு அறிக்கையில்தான் தேட வேண்டியிருக்கும். விற்பனை ஏறுகிறதைவிட வேகமாக வரவேண்டிய பாக்கி ஏறினால் அந்த விற்பனை மேல் எனக்கு நம்பிக்கை பாதிதான். அறிக்கையின் குறிப்புகளில் "அடுத்த ஓராண்டு தொடர்ந்து இயங்குவது குறித்துக் கணிசமான ஐயம்" என்ற தொடர் வந்திருந்தால் மேற்கொண்டு படிப்பதையே நிறுத்திவிடுவேன். மற்றபடி தொழில்நுட்பம் அருமை, சந்தை பெரிது, போட்டியாளர்கள் தூங்குகிறார்கள் என்பதெல்லாம் சரியாகவே இருக்கலாம்.

இன்று சாயங்காலம் தம்பியிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட். காலாண்டு அறிக்கையின் பணப்புழக்கப் பக்கம், இரண்டு வரிகளைச் சிவப்பில் சுழித்திருந்தார். ராக்கெட் எதுவும் இல்லை. "ஏழு மாசம் வருது அண்ணே, சரியா?" நான் அறிக்கையைத் திறந்து அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். வருட முடிவுக்குள் திருப்பித் தர வேண்டிய ஒரு கடன் இருந்தது. "ஐந்து" என்று அனுப்பினேன்.

"அப்ப வித்துடட்டுமா?"

அந்த சென்சாரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிராளி ஐந்து மாதத்துக்குள் பதில் சொல்வாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதையேதான் அவருக்கும் எழுதினேன். இப்போது டைப் செய்துகொண்டிருக்கிறார்.