இடது கை தெரிந்துகொண்ட கதை

பொங்கல் லீவுக்கு வந்திருந்த சித்தி பையன் என் அலமாரியில் இருந்த கேம்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிளஸ் ஒன் படிக்கிறான். "இது பார்த்துட்டேன் அண்ணா, இதுவும் பார்த்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அடுக்கினான். விளையாடிட்டியா என்று கேட்டேன். இல்லை, யூட்யூபில் பார்த்திருக்கிறான். யாரோ ஒருவர் விளையாடி, சண்டைகளை வெட்டிவிட்டு, கதை வரும் இடங்களை மட்டும் ஒட்டி மூன்று மணி நேரப் படமாகப் போட்டிருப்பார் இல்லையா, அதை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் இருப்பது ஒரு பழைய லேப்டாப். அதில் இந்த கேம்கள் ஓடாது. வேலைக்குப் போகும்வரை நானும் இப்படிப் பார்த்துத்தான் பசியாறினேன்.

ஆனால் 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' டப்பாவைக் கையில் எடுத்தபோது ஒன்று சொன்னான். "இதோட முடிவை எல்லாரும் அப்படிப் புகழுறாங்க. நானும் பார்த்தேன். ஒரு சின்னப் பையன் தண்ணியில நீந்திப் போறான். அவ்வளவுதானே அண்ணா?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பதிவு. சில கேம்களின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, விளையாட எண்ணியிருப்பவர்கள் பிறகு வந்து படியுங்கள்.

2013ல் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் ஸ்டுடியோ செய்த கேம் அது. இயக்கியவர் யோசெஃப் ஃபாரெஸ், லெபனானில் பிறந்து ஸ்வீடனில் சினிமா எடுத்துக்கொண்டிருந்தவர். கதை பாட்டி சொல்கிற கதை போல எளிமையானது. அப்பா சாகக் கிடக்கிறார். உயிர்மரத்தின் நீரைக் கொண்டுவந்தால் பிழைப்பார். அண்ணனும் தம்பியும் கிளம்புகிறார்கள். அம்மா ஏற்கெனவே தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டாள். அது தன் கண்முன்னால் நடந்ததால் தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம், நீந்த மாட்டான். எல்லோரும் பேசுவது இல்லாத ஒரு மொழி. சப்டைட்டிலும் கிடையாது.

விளையாடும் விதம்தான் இதில் விசேஷம். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் இடது ஸ்டிக் அண்ணனை நடத்தும், வலது ஸ்டிக் தம்பியை நடத்தும். ஆள்காட்டி விரலால் அழுத்தும் இடது ட்ரிக்கர் அண்ணனின் கை, வலது ட்ரிக்கர் தம்பியின் கை. ஆரம்பத்தில் மூளை குழம்பிப்போகும். அண்ணன் பாலத்தில் ஏறும்போது தம்பி வேலியில் முட்டிக்கொண்டு நிற்பான். ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் தம்பி அண்ணனின் முதுகைப் பிடித்துக்கொள்வான். அதற்கு வலது ட்ரிக்கரை விடாமல் அழுத்தியபடி இடது ஸ்டிக்கால் நீந்த வேண்டும். ஒரு மணி நேரம் போனதும் யோசிக்கவே வேண்டியிருக்காது. இடது கை என்றால் அண்ணன் என்று உடம்புக்கே பழகிவிடும்.

அப்புறம் அண்ணன் இறந்துவிடுகிறான். அவனைக் குழிக்குள் இழுத்துவைத்து மண்ணைத் தள்ளி மூடுவதை நாம்தான் செய்ய வேண்டும், வலது கையால் மட்டும். அதுவரை ஓயாமல் வேலை செய்த இடது கை கன்ட்ரோலர்மேல் சும்மா கிடக்கும்.

அன்று ராத்திரி சித்தி பையன் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து உட்காரவைத்தேன். மூன்று மணி நேர கேம்தான். முடிவு தெரியும் என்பதால் முதலில் அலட்சியமாகத்தான் விளையாடினான். குழியை மூடும் இடத்தில் பேச்சு நின்றது. கடைசியில் தம்பி தனியாக ஊருக்குத் திரும்புகிறான். மழை, புயல், குறுக்கே தண்ணீர். அதைத் தாண்டினால்தான் அப்பாவுக்கு மருந்து போய்ச் சேரும். இவன் வலது ஸ்டிக்கைத் தள்ளுகிறான், தம்பி கரையிலேயே பயந்து நிற்கிறான். வலது ட்ரிக்கரை நாலைந்து தடவை அழுத்தினான். "அண்ணா, பட்டன் வேலை செய்யலையா?" என்று என் பக்கம் திரும்பினான். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனுடைய இடது ஆள்காட்டி விரல், அரை மணி நேரமாகச் சும்மா கிடந்த விரல், மெதுவாக ட்ரிக்கரை அழுத்தியது. தம்பி தண்ணீரில் இறங்கி நீந்த ஆரம்பித்தான். இவன் திரையைப் பார்க்கவில்லை, குனிந்து தன் கையைப் பார்த்தான்.

யூட்யூபில் ஒரு பையன் நீந்துவது மட்டும்தான் தெரியும். எந்த விரல் அவனை நீந்தவைத்தது என்பது தெரியாது. அந்த மூன்று மணி நேரமும் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவை விரல்கள்.

ஒரு கேமில் கதையும் ஆட்டமும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்: விளையாடுவதை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் சொன்னால் ஏதாவது குறைகிறதா? எதுவும் குறையவில்லை என்றால், அங்கே ஒரு படமும் ஒரு கேமும் ஒரே டப்பாவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. "சினிமா மாதிரியே இருக்கு" என்பதை இன்றைக்கும் நாம் கேமுக்குத் தரும் பெரிய பாராட்டாக வைத்திருக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. வேறு எந்தக் கலைக்கும் கிடைக்காத ஒரு வசதி கையில் இருக்கும்போது, இன்னொரு கலையைப் போல இருப்பதற்காக ஏன் அதைப் பாராட்ட வேண்டும்?

இந்தச் சிக்கலைப் பற்றி 2007லேயே கிளின்ட் ஹாக்கிங் என்ற கேம் வடிவமைப்பாளர் எழுதினார். அந்த வருடம் வந்த 'பயோஷாக்' கேமை வைத்து அவர் சொன்னது சுருக்கமாக இது: அந்த கேமின் விதிகள் நம்மைச் சுயநலமாக இருக்க விடுகின்றன, கதையோ முன்பின் தெரியாத ஒருவனுக்கு உதவியே ஆக வேண்டும் என்கிறது. ஆட்டம் ஒரு பக்கம் இழுக்க, கதை இன்னொரு பக்கம் இழுக்கிறது. இதற்கு லூடோநேரட்டிவ் டிஸ்ஸொனன்ஸ் என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் விளையாடுகிற எல்லோருக்கும் அந்த உறுத்தல் தெரியும். 'அன்சார்ட்டெட்' நாயகன் நேதன் டிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கட்சீனில், அதாவது நாம் விளையாடாமல் பார்க்க மட்டும் செய்யும் கதைக் காட்சியில், பார்த்தால் கலகலப்பான, நம்ம பையன் என்று தோன்றுகிற ஆள். கன்ட்ரோலர் நம் கைக்கு வந்ததும் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுத் தள்ளுகிறான். அடுத்த கட்சீனில் மறுபடியும் சிரித்துக்கொண்டு வந்து நிற்கிறான். 2016ல் வந்த நான்காம் பாகத்தில் ஆயிரம் பேரை வீழ்த்தினால் ஒரு கோப்பை கிடைக்கும். அந்தக் கோப்பைக்கு ஹாக்கிங்கின் சொல்லையே பெயராக வைத்திருந்தார்கள். குறை அவர்களுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' எனக்கு ரொம்பப் பிடித்த கேம், அதனாலேயே அதன்மேல் கோபமும் அதிகம். வெளியே அவ்வளவு பெரிய உலகம், எங்கே வேண்டுமானாலும் குதிரையில் போகலாம். கதையை நகர்த்தும் வேலையான மிஷன் தொடங்கியதும் எல்லாம் இறுகிவிடும். அவர்கள் நினைத்த பாதையை விட்டுக் கொஞ்சம் விலகினால் மிஷன் தோல்வி. மலையைச் சுற்றிப் பின்பக்கமாகப் போகலாமே என்று நமக்குத் தோன்றும் யோசனைக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் அதே கேமில்தான் அந்தக் குதிரையும் இருக்கிறது. நாம் பிடித்து, பெயர் வைத்து, தீவனம் கொடுத்து, சேறு போகத் தேய்த்து, பாம்பைக் கண்டு மிரண்டால் தட்டிக்கொடுத்துப் பழகிய குதிரை. முடிவை நெருங்கும்போது அது சுடப்பட்டு விழும். நாயகன் ஆர்தர் அதன் பக்கத்தில் குனிந்து நன்றி சொல்லுவான். திரைக்கதையில் அது 'ஒரு குதிரை', அவ்வளவுதான். என் கேமில் அது வெள்ளையும் சாம்பலும் கலந்த 'சங்கு'. கேமைச் செய்த ராக்ஸ்டார் நிறுவனம் எழுதிய ஒரு வரிக்கு என்னுடைய ஐம்பது மணி நேரம் கனம் சேர்த்தது. அந்த இடத்தில் கதையை யார் எழுதினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பழக்கத்தை உண்டாக்கிவிட்டு ஒரே ஒரு தடவை அதை உடைப்பதில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' செய்ததும் எனக்கு மறக்காது. இதுவும் 2013தான். நாம் நடத்தும் ஜோயல், தன்னோடு பயணிக்கும் எல்லி என்ற பெண்ணைக் கைகோத்து மேலே ஏற்றிவிடுவான், அவள் ஏணியை இறக்கித் தருவாள். அடிக்கடி வரும் சின்ன வேலை, கவனித்துக்கூடப் பார்க்க மாட்டோம். கடைசிப் பகுதியில், ரொம்பக் கொடுமையான ஒன்றை எல்லி தாண்டி வந்த பிறகு, ஜோயல் வழக்கம்போல் சுவரோரம் நின்று கூப்பிடுகிறான். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நம் கையில் பட்டன் தயாராக இருக்கிறது, அவள் வரவில்லை. அவளுக்குள் என்னவோ ஆகிவிட்டது என்பதை அந்த ஒரு நொடித் தாமதம் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஏணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்க்கிறாள். 2023ல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் ஒட்டகச்சிவிங்கி வந்தது, அழகாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் தொடரைப் பார்ப்பவருக்கு அந்தக் காத்திருப்பு விரலில் உறைக்க வழியில்லை.

இவ்வளவு செலவழித்து எடுத்த காட்சிகள் எதுவுமே இல்லாமல் இதைச் செய்துகாட்டியவர் லூகாஸ் போப். 2013ல் அவர் ஒற்றை ஆளாகச் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமில் நீங்கள் ஆர்ஸ்டாட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. வருடம் 1982. வருகிறவரின் பாஸ்போர்ட்டை வாங்கி, தேதி, படம், ஊர், முத்திரை எல்லாம் சரிபார்த்து, பச்சையோ சிவப்போ குத்தி அனுப்ப வேண்டும். ஓர் ஆளுக்கு 5 கிரெடிட் கூலி. அதில்தான் வாடகை, சாப்பாடு, வீட்டுக்குக் கதகதப்பு, நோய் வந்தால் மருந்து. தப்பு செய்தால் உடனே சத்தத்தோடு ஒரு சீட்டு அச்சாகி வரும். ஒரு நாளில் முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து கூலியில் பிடிப்பார்கள்.

மேசை மிகச் சின்னது. நாளுக்கு நாள் புது விதி வரும், புதுக் காகிதம் வரும். அவற்றைப் பரப்பி வைக்க இடம் போதாது. ஒன்றன்மேல் ஒன்று போட்டு, தேடி, எடுத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் நேரம் ஓடும். இதுதான் ஆட்டம். இந்த நெரிசலில் கொஞ்சநேரத்திலேயே எதிரே நிற்கும் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவோம். இதையெல்லாம் பழகிய நேரத்தில் ஒருவர் வருகிறார். காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது, முத்திரை குத்தி அனுப்புகிறோம். போகும்போது, அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு காட்டுங்கள் என்கிறார். அவள் வருகிறாள். நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுகிறாள்.

இசை கிடையாது, கேமரா அவள் கண்ணை நெருங்கிக் காட்டாது. நம் முன்னால் இரண்டு முத்திரைகள் மட்டும் இருக்கும். அன்றைக்கு ஏற்கெனவே எத்தனை தப்பு செய்திருக்கிறோம், ராத்திரி வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் மனசில் கணக்காக ஓடும். நான் முதல் தடவை சிவப்பு முத்திரையைக் குத்தினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுப் பாஸ்போர்ட்டைப் புரட்டும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அதிகாரிகள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று எத்தனையோ கவுன்ட்டர்களுக்கு வெளியே நின்று எரிச்சல்பட்டிருக்கிறேன். கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து, கெட்டவனாக இருக்க வேண்டும் என்று ஒரு நொடிகூட நினைக்காமல், அதே காரியத்தை என் கையால் செய்தது அன்றைக்குத்தான்.

நம் மொழிக்காரர்கள் பக்கமும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2023ல் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதி வெண்பாவும் பாவலனும், அவர்கள் மகன் கவின். வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது, பாதி எழுத்து அழிந்துபோய். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி சரியாகப் போகும் என்பதில் தொடங்கி, அழிந்த இடத்தை நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும். அம்மா தொலைவில் இருக்கிறாள், சொல்லித் தர ஆள் இல்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்தக் கறைபடிந்த பக்கம் சொல்லிவிடுகிறது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குத்தான் கிடைத்தது. எனக்கு ஒரே குறை, சமையல் சீக்கிரம் முடிந்து உரையாடலுக்குப் போய்விடுகிறது. மகனுக்கும் அம்மாவுக்கும் இடையில் விழும் தூரத்தைப் பெரும்பாலும் படித்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அதையும் அடுப்படியிலேயே சொல்லியிருந்தால் இன்னும் வலித்திருக்கும். ஆனாலும் புட்டுக்குழலில் தேங்காயையும் மாவையும் மாற்றி மாற்றிப் போடுவதை ஒரு கேமில் செய்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கதையே வேண்டாம், ஆட்டம் நன்றாக இருந்தால் போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. டெட்ரிஸுக்குக் கதை எதற்கு. கதை சொல்கிறேன் என்று வருகிற கேமிடம்தான் நான் கேட்பேன், அதை என் கையில் கொடு என்று.

சித்தி பையன் லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டான். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' மொபைலிலும் வந்துவிட்டதால் வாங்கிக் கொடுத்தேன். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வந்தது. "அண்ணா, அந்தப் பொண்டாட்டிய உள்ள விட்டுட்டேன். ஏற்கெனவே ரெண்டு வார்னிங் இருந்துச்சு, காசு புடிச்சுட்டாங்க. இப்ப பையனுக்கு மருந்து வாங்கப் பத்தல. என்ன பண்ணட்டும்?"