மாசி மாதத்துக் கோபம்

டெல்டாவில் பிள்ளை வளர்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதற்கென்றே யாரோ உட்கார்ந்து நாட்காட்டி போட்டதுபோல் இருக்கிறது. மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்பது வழக்கம். பள்ளிக்கூடமும் அதே ஜூனில்தான் திறக்கிறது. விதைநெல், டிராக்டர் வாடகை, முதல் தவணைக் கட்டணம், சீருடை, வேன் காசு எல்லாம் ஒரே நகைக்கடனிலிருந்து போகவேண்டும். 2024-இல் அணை திறப்பு ஜூலை 28-க்குத் தள்ளிப்போனது. கட்டணம் கட்டவேண்டிய தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். சம்பா தண்ணீரில் நிற்கும்போதே அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிடும். தை, மாசியில் அறுவடை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, தார்ப்பாயும் கையுமாக அப்பா காவல் கிடக்கும் நாட்களில்தான் வீட்டில் பிளஸ் டூ தேர்வு.

மாசியில் எங்கள் தெருவில் கேட்கும் ‘படி, படி’ என்ற அதட்டலில் பாதி நெல்லைப் பற்றியது என்பது என் கருத்து. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, காயவைத்துக் கொண்டுவா என்று கொள்முதல் நிலையத்தில் சொல்லி அனுப்பிய அன்றைக்குப் பையனின் கணக்கு நோட்டு வாசலில் வந்து விழும். நேற்றும் அதே மதிப்பெண்தான். நேற்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஈரப்பதம் தெரியாது. தன்னால்தான் அப்பா இப்படி ஆகிவிட்டார் என்று அது முடிவுகட்டிக்கொள்ளும்.

காரணத்தைச் சொல்லிவிடுங்கள். “நெல் இன்னும் எடை போடவில்லை, அந்தக் கவலையில் இருக்கிறேன், உன்மேல் கோபம் இல்லை” என்றால் எட்டு வயதுக்கும் விளங்கும். அதற்காக வட்டிக் கணக்கை எல்லாம் அவிழ்த்துக் கொட்டவேண்டாம். “நீ படித்து வந்துதான் நகையை மீட்கவேண்டும்” என்பதை மட்டும் எந்த வீட்டிலும் சொல்லாதீர்கள். நம் கவலையை அப்படியே பிள்ளையின் பெயருக்குப் பட்டா மாற்றும் வேலை அது.

அம்மாக்கள் விஷயம் இன்னும் மோசம். “நாங்கள் எல்லாம் பெற்று வளர்க்கவில்லையா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். வளர்த்தீர்கள் அத்தை, மறுக்கவில்லை. அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வீட்டில் நான்கு கை இருந்தது. இன்று கணவன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான். வயலுக்கு ஆள் கூப்பிடுவது, மடை பார்ப்பது, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாவற்றுக்கும் ஒருத்திதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களில் சிலர், இன்றும் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் விடியவிடிய விழித்திருக்கிறார்கள். போதாததற்கு நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் சுழலும் மேகப் படம் வேறு. வானிலை அறிக்கையைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்தால் போதும். அதிகாரிகள் எச்சரித்தால் கிளம்புங்கள். மற்ற நேரம் தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள்.

மூச்சுப் பயிற்சியை நான் கேலி செய்யமாட்டேன். இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் படபடப்பு சற்றுத் தணியும். ஆனால் அது நெல்லைக் காயவைக்காது. நெஞ்சை அடைத்தால் முதலில் ஈசிஜி எடுத்துப் பாருங்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றதும் “ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோமே, அங்கேதான் தவறுகிறோம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளை கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது என்றால் அதற்கும் வைத்தியம் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பஸ் ஏற முடியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, காசு கிடையாது, தமிழில் பேசலாம். பைத்தியத்துக்குத்தான் அந்த டாக்டர் என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர்கள் யாரும் நம் பிள்ளைக்கு இரவில் சோறு ஊட்டப்போவதில்லை.

இன்னொன்று. பயிர்க்கடனைத் திருப்பிக் கட்டக் கூட்டுறவுச் சங்கம் அறுவடை வரை பொறுக்கிறது. நெல்லை நம்பிப் பிழைக்கும் ஊரில் நடக்கும் தனியார் பள்ளிகள் ஜூன் கட்டணத்தில் பாதியை மாசிக்கு மேல் வாங்கிக்கொண்டால் என்ன? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்கப்போகிறேன். ஒருத்தியாகக் கேட்டால் உட்காரச் சொல்லிவிடுவார்கள். உடன் நிற்கிறவர்கள் கீழே பெயரைச் சொல்லுங்கள்.