ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் யாரிடமாவது பிடித்த ஆல்பம் எது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பாட்டின் பெயர்தான் பதிலாக வரும். ஆல்பம் வேறு சங்கதி. அதில் எந்தப் பாட்டுக்குப் பின் எது வருகிறது என்பதற்கும் அர்த்தம் உண்டு.

என் கணக்கில் முதலிடம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986). தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த இசைத்தொகுப்பு. உள்ளே இருக்கும் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே போதும். 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா', 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. ஒருவர் வருகிறார், இன்னொருவரையும் வீட்டிலேயே சந்தித்தாகிறது, பிறகு பேச்சு. ஷஃபிளில், அதாவது வரிசையைக் கலைத்துப் போட்டால் விருந்தாளி வரும் முன்னே பேச்சு முடிந்துவிடும்!

பாக் வரும் பாட்டில், அவர் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிடாவின் (பல துண்டுகள் சேர்ந்த இசைத்தொகுதி) தொடக்கம் ஓடுகிறது. அதைச் சுற்றி ராஜாவின் தந்திக் கருவிகள். முதல் தடவை வி.எஸ்.நரசிம்மனின் வயலினைப் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை அதை விட்டுவிட்டு, கீழே நடப்பதை மட்டும் கேளுங்கள். வேறொரு பாட்டு கிடைக்கும்.

ஷஃபிளில் இன்னொரு கேடு, சத்த அளவு. ஸ்பாட்டிஃபை பாட்டுகளின் சத்தத்தைச் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. ஆல்பத்தை வரிசைப்படி ஓடவிட்டால் முழு ஆல்பத்துக்கும் ஒரே கணக்கு. மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும். ஷஃபிளில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனிக்கணக்கு. மெதுவாக ஒலிக்க வேண்டியதும் அடுத்ததற்குச் சமமாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். கிராஸ்ஃபேடையும் பூஜ்யத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலையில் ஏறும்.

அடுத்தது நம்மூர்ச் சரக்கு. மலேசிய ராப் பாடகர்கள் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் சேர்ந்து செய்த 'வல்லவன்' (2006). எல்லாரும் 'மடை திறந்து' ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1980-இல் வந்த 'நிழல்கள்' படப்பாட்டை வைத்து எழுந்தது, நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆல்பம் முழுக்க என்னை இழுப்பது சொல் விழும் இடம். தமிழின் க்க, ட்ட, ற்ற எல்லாம் ஸ்னேர் டிரம்மின் அடிக்காகவே பிறந்த எழுத்துகள் மாதிரி. எதுகை மோனையில் வளர்ந்த மொழிக்கு ராப் புதிதா என்ன?

இதைக் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு பாஸ் (அடித்தொனி) இல்லை என்று சொல்லாதீர்கள். கிக் டிரம்மின் அடி 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கும். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு 200-க்குக் கீழேயே மூச்சு வாங்கும். எல்ஆர்டி நகர ரயிலிலும் சிக்கல்தான். மஸ்ஜிட் ஜாமெக் முதல் அம்பாங் பார்க் வரை சுரங்கத்தில் ரயிலின் உறுமல் பாஸை விழுங்கிவிடும். உடனே ஈக்குவலைசரில் பாஸை ஏற்ற வேண்டாம். முதலில் இயர்போனின் ரப்பர் முனையை ஒரு சைஸ் பெரிதாக மாற்றிப் பாருங்கள். காதில் இடைவெளி இருந்தால் முதலில் ஒழுகிப்போவது பாஸ்தான்.

ரகுமான் ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி, 'வந்தே மாதரம்' (1997) எனக்கு ஆல்பமாக நிற்கவில்லை. தலைப்புப் பாட்டு மலை மாதிரி. மற்றவை அதன் நிழலில். சந்தோஷ் நாராயணனின் 'அட்டகத்தி' (2012) அப்படியில்லை. கானா பாலாவின் குரலும் பிரதீப் குமாரின் குரலும் ஒரே தொகுப்பில், ஒன்றை ஒன்று மிதிக்காமல்.

வீட்டில் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு: பிளாட் வீட்டுக் கான்கிரீட் மூலையில் ஒட்டி வைத்தால் பாஸ் வீங்கி, 'வல்லவ'னில் சொல்லே புரியாது. சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் உட்காருங்கள். டைல்ஸ் தரையில் ஒரு பாய் விரியுங்கள், எதிரொலி குறையும். அப்புறம் அந்த மேல்ஃபேன். நம்மூர்ப் புழுக்கத்தில் அணைக்கச் சொல்வது பாவம்தான். ஆனால் மூன்றாம் நம்பரில் சுழன்றால் வயலின் வில் தந்தியைத் தொடும் அந்த மெல்லிய உரசல் கேட்காது. 'ஐ மெட் பாக்' ஓடும் நேரத்துக்காவது ஒன்றில் வையுங்கள்.