"கலர்தான் வேற, மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்"னு இனிமே என்கிட்ட யாரும் சொல்லாதீங்க

இன்னைக்கு சாயங்காலம் வந்த கோவத்தை இங்க கொட்டலைன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

தருமபுரி டவுனுக்குள்ள ஒரு கடை. கிட்டார், கீபோர்டு, தபேலா எல்லாம் தொங்கவிட்டு வெச்சிருக்காங்க. உள்ள போயி, "0.60 மில்லிமீட்டர் பிக் நாலு குடுங்கண்ணா"ன்னேன். பிக்குன்னா கிட்டார் கம்பியை அடிக்கக் கையில பிடிக்கிற சின்னத் துண்டு, 0.60ங்கிறது அதோட கனம். அவர் கல்லா பக்கத்துல இருந்த ஊறுகாய் பாட்டிலைத் தொறந்து கண்ணாடி மேல கவுத்தாரு. சிவப்பு, பச்சை, மஞ்சள், மினுமினுக்குற வெள்ளைன்னு ஒரு குவியல். "எந்தக் கலர் வேணுமோ எடுத்துக்குங்க சார், ஒண்ணு பத்து ரூபா." அளவு எங்கண்ணா போட்டிருக்குன்னு கேட்டேன். "அளவா? கலர்தான் சார் வேற, மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்."

ஒண்ணு இல்லைங்க! அந்தக் குவியல்லயே ரெண்டு பச்சையை எடுத்து வளைச்சுப் பார்த்தேன். ஒண்ணு நனைஞ்ச அப்பளம் மாதிரி மடங்குது, இன்னொண்ணு அசையவே மாட்டேங்குது. ஒண்ணோட ஓரத்துல அச்சுல வார்த்த பிசிறு அப்படியே நிக்குது, நகத்தால தடவுனா நகம் மாட்டுது. அந்தப் பிசிறு கம்பியில படுறப்போ ஒவ்வொரு அடிக்கும் சரக் சரக்குன்னு ஒரு சத்தம் வரும். புதுசா கத்துக்குற புள்ளைக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னே தெரியாது. தன் கைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கும்.

என் கோவம் எல்லாம் இங்கதான். ஆறாயிரம் ரூபா கிட்டாரை விக்கத் தெரியுது. அதை வாசிக்கிற கைக்கும் கம்பிக்கும் நடுவுல இருக்குற ஒரே பொருள் இந்த பிக்தான், அதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை.

நான் பதினாறு வருஷமா வாசிக்கிறேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல பாடகர் குழுவுக்கு, பங்குனி சித்திரை வந்தா மாரியம்மன் பண்டிகை மேடையில ஆர்கெஸ்ட்ராவுக்கு, நடுவுல வீட்டுக்கு வர்ற நாலஞ்சு பசங்களுக்குச் சொல்லியும் குடுக்கிறேன். போன வருஷம் பாலக்கோடு பக்கத்துலேர்ந்து ஒம்பதாவது படிக்கிற பையன் ஒருத்தனை அவங்க அப்பா கூட்டிட்டு வந்தாரு. தக்காளி வெள்ளாமை. அந்தத் தடவை நல்ல விலை போயிருக்கு, அந்தக் காசுல பையன் ஆசைப்பட்டான்னு கிட்டார் வாங்கிக் குடுத்திருக்காரு. வந்த அன்னைக்கே அந்த மனுஷன் என்கிட்ட கேட்டது, "சார், மூணு மாசமா முயற்சி பண்றான், இவனுக்குக் கை வரலை, இதை யாராவது பழைய விலைக்கு எடுத்துக்குவாங்களா?"

பையன் தலையைத் தூக்கவே இல்லை.

வாசிச்சுக் காட்டச் சொன்னேன். இடது கையில ஜி கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரங்களுக்கான பிடி, சரியாத்தான் பிடிக்கிறான். வலது கை கீழ இறங்குது, மூணாவது கம்பியில பிக் மாட்டிக்கிட்டு நிக்குது. இழுக்குறான், டொய்ங்னு அந்த ஒரு கம்பி மட்டும் கத்துது, மத்தது எல்லாம் அமுங்கிப் போகுது. அந்த மூணு மாசத்துல இருக்குறதுலயே மெலிசான இ கம்பியை மட்டும் நாலு தடவை மாத்தியிருக்காங்க. கையை நீட்டி பிக்கை வாங்கிப் பார்த்தேன். தடிச்ச பிளாஸ்டிக் துண்டு, என் கணக்குக்கு ஒண்ணரை மில்லிமீட்டர் இருக்கும், கிட்டாரோட இலவசமா வந்தது. அதை வெச்சுக்கிட்டு அந்தக் குழந்தை மூணு மாசம் ஸ்ட்ரம்மிங், அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து வீசி அடிக்கிறது, பழகியிருக்கு.

தென்னை வெளக்குமாறு வளைஞ்சு குடுக்குறதாலதான் வாசல் சுத்தமாகுது. அதுக்குப் பதிலா ஒரு மரக்கட்டையைப் பிடிச்சு இழுத்தா தரையைத்தான் கீறும். ஸ்ட்ரம்மிங்கும் அப்படித்தான். ஆறு கம்பியையும் ஒரே வீச்சுல தாண்டணும்னா பிக் கொஞ்சம் மடங்கிக் குடுக்கணும். 0.50, 0.60 மெலிசு பிக் அதுக்குத்தான். கை பழகுனவங்க தடிச்ச பிக்கையும் லூசா பிடிச்சு ஸ்ட்ரம் பண்ணிடுவாங்க, ஆனா அந்த லூசு வர வருஷக்கணக்காகும். என் டப்பாவுலேர்ந்து ஆரஞ்சுக் கலர் 0.60 ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். அதே ஜி கார்டு, அதே கை. ஆறு கம்பியும் சேர்ந்து விழுந்துச்சு. அவன் நிறுத்திட்டு பிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அப்புறம் அவங்க அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை நினைச்சா இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்குது. இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தா அந்தக் கிட்டார் வித்துப் போயிருக்கும்.

லீடு, அதாவது ஒவ்வொரு நோட்டா மெட்டு வாசிக்க, அதே ஆரஞ்சைக் குடுத்தா வேற பிரச்சினை. ஒத்தைக் கம்பியில வேகமா மேலயும் கீழயும் அடிக்கிறப்போ மெலிசு பிக் மடங்கித் திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த நோட்டு போயிடும். அதுக்கு ஒரு மில்லிமீட்டர், அதுக்கு மேல வேணும், நுனியும் கூரா இருக்கணும். அந்தச் சின்ன சிவப்பு நைலான் ஜாஸ் த்ரீ பிக் 1.38 மில்லிமீட்டர். விரலுக்கு வெளிய நுனி மட்டும்தான் தெரியும், போற இடத்துக்கு நேராப் போகும். ராஜா சார் பாட்டுகள்ல வர்ற மாதிரி கம்பி கம்பியா உதிர்க்குற ஆர்பெஜியோவுக்கு ரெண்டுக்கும் நடுவுல 0.73 எனக்குப் பிடிக்கும். நுனி உருண்டையா இருந்தா சத்தம் கனமா, இதமா வரும். கூரா இருந்தா பளிச்சுன்னு வரும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு பிக்கே வேண்டாம், விரலும் நகமும்தான். அதுக்கும் கூடவே ஒரு தடிச்ச பிக்கைப் போட்டுக் குடுத்து அனுப்புறாங்க!

எதுல செஞ்சதுங்கிறதும் அதே அளவுக்கு முக்கியம். சித்திரை மாசம் ராத்திரி மேடையில, போகஸ் லைட்டு மூஞ்சிக்கு நேரா அடிக்க, மூணாவது பாட்டுலயே கை வேர்த்து ஊத்தும். மழமழன்னு இருக்குற செல்லுலாய்டு பிக் விரல் நடுவுல அப்படியே சுத்திக்கும். ஒரு தடவை பென்னாகரம் பக்கம் பாட்டு நடுவுல என் கையை விட்டே நழுவி கிட்டார் ஓட்டைக்குள்ள விழுந்துச்சு, மீதிப் பாட்டைக் கட்டைவிரல் நகத்தாலதான் முடிச்சேன். டன்லப் கம்பெனியோட டார்டெக்ஸ்ங்கிற பிளாஸ்டிக் பிக் மாதிரி மேல்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பா இருக்குறது வேர்வையிலயும் நிக்கும். அதுல கலர்தான் அளவு: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. ஒரு கம்பெனி கலரைப் பார்த்தே கனத்தைச் சொல்ற மாதிரி ஒழுங்கு பண்ணி வெச்சிருக்கு, இங்க அதே கலர்களைக் காட்டி "எல்லாம் ஒண்ணு"ங்கிறாங்க.

ஒரு காலத்துல நல்ல பிக்குன்னா அழுங்காமை ஓட்டுல செஞ்சதுதான். அந்த ஆமையே அழிஞ்சிடும்ங்கிற நிலைமை வந்து, 1970கள்ல அந்த ஓட்டு வியாபாரத்துக்கு உலக அளவுல தடை வந்துச்சு. அந்த ஓட்டோட குணம் வேற எதுல வரும்னு தேடித்தான் 1981ல டன்லப் இந்த டார்டெக்ஸைக் கொண்டு வந்தாங்க. நம்ம நாட்டு சரோதுங்கிற தந்தி வாத்தியத்துக்கு இன்னைக்கும் கொட்டாங்குச்சியில செதுக்கித் தேய்ச்ச துண்டுதான், சிதாருக்கு விரல்ல மாட்டுற கம்பி மிஸ்ராப். ஒவ்வொரு கருவிக்கும் எது பொருந்தும்னு தலைமுறை தலைமுறையா மனுஷங்க மெனக்கெட்டிருக்காங்க.

இதைச் சொன்னா ஆர்கெஸ்ட்ரா நண்பர் ஒருத்தர், "இங்கிலாந்து ராக் குழு குயினோட கிட்டாரிஸ்ட் பிரையன் மே காசை வெச்சே வாசிக்கலையா, உனக்கு என்ன?"ங்கிறாரு. வாசிக்கிறாரு, ஆறு பென்ஸ் காசு. ஏன்? பிக் மடங்கக் கூடாது, காசோட ஓரத்துல இருக்குற வரிவரியான பல் கம்பியை உரசி அந்தச் சத்தம் வரணும்னு தேடி அதை எடுத்தாரு. கையில கிடைச்சதை வெச்சுக்கிட்டவர் இல்லை அவர். அது என் பக்கத்து நியாயம்ங்க, உங்க பக்கத்துது இல்லை.

சரி, ஆன்லைன்ல வாங்கலாமேம்பீங்க. வாங்கினேன். ஆறு அளவு கலந்த பாக்கெட், 0.46லேர்ந்து 1.2 வரைக்கும்னு போட்டிருந்துச்சு. தொட்டதுமே சந்தேகம். ஓசூர்ல லேத் பட்டறையில இருக்குற நண்பன்கிட்ட கொண்டு போயி மைக்ரோமீட்டர்ல வெச்சுப் பார்த்தோம். 0.46னு அச்சடிச்சதும் 0.71னு அச்சடிச்சதும் ரெண்டுமே 0.65. இரும்புல நூலளவு பிசகுனா பார்ட்டையே தூக்கிப் போடுற ஆளு அவன். "எங்க பட்டறையில இப்படிக் குடுத்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடா"ன்னான். கிருஷ்ணகிரியிலயும் தேடிட்டேன், அங்கயும் அதே பாட்டில்தான். உருப்படியா வேணும்னா தொப்பூர் கணவாயைத் தாண்டி சேலம் போகணும், இல்லைன்னா பெங்களூரு. நாப்பது ரூபாப் பொருளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல போக வர!

கடைக்காரர்கிட்ட சண்டை போடலை. கெஞ்சித்தான் கேட்டேன். "அண்ணா, மூணே அளவு வாங்கி வைங்க. மெலிசு, நடுத்தரம், தடிச்சது. மூணு டப்பா, மேல அளவு எழுதி ஒட்டுங்க. முதல் ஐம்பது பிக்குக்கு நானே முன்பணம் தர்றேன், என் பசங்களை உங்ககிட்டயே அனுப்புறேன்"னேன். "சார், அதெல்லாம் யார் கேக்குறா? நீங்க ஒருத்தர்தான் கேக்குறீங்க"ன்னாரு. கேக்க மாட்டாங்கண்ணா! இப்படி ஒண்ணு இருக்குன்னே நீங்க அவங்களுக்குச் சொல்லலையே, எப்படிக் கேப்பாங்க? மூணு மாசம் பார்த்துட்டு, கை வரலைன்னு கிட்டாரை அட்டத்துல தூக்கிப் போட்டுட்டுப் போறவன் உங்க கடைக்கு எதுக்குத் திரும்பி வரப் போறான்?

அவர் குவியலை வழிச்சுத் திரும்ப பாட்டில்ல போட ஆரம்பிச்சாரு. அப்பத்தான் என் போன் அடிச்சுது. அந்தப் பையனோட அப்பா. பையன் அந்த ஆரஞ்சு பிக்கைத் தொலைச்சிட்டான், ரெண்டு நாளா வீட்டைப் புரட்டித் தேடுறான், அடுத்த வாரம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுல வாசிக்கிறான். அவனுக்காகத்தான் நான் அந்தக் கடைக்கே போனது.

"சார், கிடைச்சுதுங்களா? இங்க ஒரு கடையில கேட்டேன், பச்சைதான் இருக்காம். கலர்தான் வேற, எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றாங்க. வாங்கிடட்டுங்களா?"

"வாங்காதீங்கண்ணா"ன்னு கத்திட்டேன், கடையில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிட்டேன். காலையில ஏழு மணி சேலம் பஸ்.