நேற்று நடந்தவர் இன்று ஏன் நடக்கவில்லை?

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்ற மூட்டு நோயோடு வாழ்பவர்களிடம் நம் ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?" என்பதுதான். கேட்பவர்களில் பெரும்பாலோர் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் ஓர் எண்ணம் படிந்திருக்கிறது. நோயாளி என்றால் எல்லா நாளும் ஒரே அளவில் முடியாதவராக இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் மாடி ஏறிவிட்டால், மற்ற நாட்களில் அவர் சொன்ன வலியில் கொஞ்சம் மிகை இருக்கிறது என்ற எண்ணம் அது. அதை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். சரவாங்கி என்று பெரியவர்கள் சொல்லும் இந்த நோயின் இயல்பே ஏறுவதும் இறங்குவதும்தான். அதைப் புரிந்துகொள்ளாதவரை எங்களுக்குக் காட்டப்படும் அனுதாபமும், கொடுக்கப்படும் விடுப்பும், எழுதப்படும் சட்டமும் பாதி தூரம்தான் எங்களை வந்து சேரும்.

வயதாகும்போது முழங்கால் மூட்டு தேய்வது வேறு, இது வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. சிகிச்சை இல்லாமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. முப்பதுகளிலேயே தொடங்குவதும் உண்டு. பெரும்பாலும் விரல்களின் அடிமூட்டு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி ஆகிய சிறு மூட்டுகளில், இரு பக்கமும் ஒருசேரத் தொடங்குகிறது.

காலையில்தான் இது மிகக் கடுமையாக இருக்கும். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் இரவில் இரத்தத்தில் ஏறத் தொடங்கி விடியற்காலையில் உச்சத்தைத் தொடுகிறது. அதை அடக்குவதற்காக உடல் தானே சுரக்கும் கார்ட்டிசால் இந்த நோயாளிகளிடம் அழற்சிக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு உயர்வதில்லை. அதனால் கண் விழிக்கும்போது விரல்கள் மடங்குவதில்லை, மடங்கியவை நீள்வதில்லை. வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், விறைப்பு அதைவிடத் துன்பமானது, ஏனென்றால் அது சின்னச் சின்ன வேலைகளைத்தான் முதலில் பறிக்கிறது. பற்பசை மூடியைத் திருக முடியாது. குக்கர் மூடியைத் திறக்க யாரையாவது கூப்பிட வேண்டும். ஜாக்கெட்டின் கொக்கியை மாட்ட முடியாமல், வளர்ந்த மகளின் முன்னால் குழந்தையைப் போல நிற்க வேண்டும். குனிந்து ஒரு குடம் தண்ணீர் எடுப்பது, தரையில் பாதத்தை முழுதாக ஊன்றுவது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில், சில நாட்களில் மூன்று மணி நேரம் வரையில், நடக்காத காரியங்கள். பிறகு வெந்நீரும் மாத்திரையும் மெதுவான அசைவும் சேர்ந்து விறைப்பைத் தளர்த்துகின்றன. பத்து மணிக்கு எங்களைப் பார்ப்பவர்கள், சேலை கட்டி, தலை வாரி, நடந்து வருகிற ஒரு மனுஷியைப் பார்க்கிறார்கள். நோயின் மிக மோசமான நேரத்தை வீட்டுக்குள் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் பார்ப்பதேயில்லை. அலுவலகத்துக்கும் உறவுக்கும் எங்கள் மீது வரும் சந்தேகத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன்.

நாளுக்குள் நேரம் மாறுவது போலவே வாரத்துக்கு வாரமும் மாறுகிறது. சில வாரங்கள் நோய் இருப்பதையே மறக்கும் அளவுக்கு உடல் இலேசாக இருக்கும். பிறகு, முந்தைய இரவு எந்த அறிகுறியும் காட்டாமல், ஒரு மணிக்கட்டோ ஒரு முழங்காலோ வீங்கிச் சூடாகி நிற்கும். காய்ச்சல் வந்தது, மாத்திரை தவறியது, அளவுக்கு மீறி உழைத்தது என்று சில வேளைகளில் காரணம் தெரியும். பல வேளைகளில் எந்தக் காரணமும் தெரியாது. இந்தக் காரணமின்மையை நம் சமூகத்தால் ஏற்க முடிவதில்லை. கத்திரிக்காய் சாப்பிட்டாயா, புளி சேர்த்தாயா, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு இருந்தாயா, ஏசியில் உட்கார்ந்தாயா என்று விசாரணை தொடங்கிவிடும். பதில் சொல்லச் சொல்ல, வலியோடு குற்றமும் நோயாளியின் தலையில் ஏறுகிறது. எதையோ தவறாகச் செய்ததால்தான் இந்த வீக்கம் என்று அவரே நம்பத் தொடங்கி, ஒவ்வொரு பண்டமாக நிறுத்தி, சத்துக் குறைந்து இன்னும் சோர்ந்து போகிறார். இந்த நோயில் சோர்வு தனியாகவே ஒரு பெரும் சுமை. அழற்சியே அதைத் தருகிறது, தூங்கி எழுந்தாலும் தீர்வதில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தைச் சந்தேகமாகப் பார்க்காமல் தடயமாகப் பார்த்த ஒரு மருத்துவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பணியாற்றிய பிலிப் ஹென்ச், முடக்குவாதம் இருந்த ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூட்டு வலி வெகுவாகக் குறைந்ததை 1929இல் கவனித்தார். கர்ப்பகாலத்தில் பல பெண்களுக்கு இந்த நோய் தணிவதையும் கவனித்தார். மூட்டு ஒரு மாதம் நன்றாக இருக்க முடிகிறது என்றால் நோய் பின்வாங்கக்கூடியது, உடலுக்குள்ளேயே அதைத் தணிக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று அவர் எண்ணினார். அந்தத் தேடல், வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களில் ஒன்றில் போய் முடிந்தது. பிற்பாடு கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற அந்த மருந்தை 1948 செப்டம்பர் 21 அன்று 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதன்முதலில் செலுத்தினார்கள். நடக்கவே துன்பப்பட்ட அவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், அதே சுரப்பியின் பொருள்களை ஆராய்ந்த டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. "நேற்று நன்றாக இருந்தாரே" என்ற அதே செய்தியைக் கேட்டு, நோயாளி நடிக்கிறார் என்று முடிவு கட்டாமல், உடல் எதையோ சொல்கிறது என்று காது கொடுத்ததால் வந்த மருந்து அது.

அந்த மருந்தின் மறுபக்கமும் விரைவிலேயே தெரிந்தது. எலும்பு வலுவிழப்பது, சர்க்கரை ஏறுவது, முகம் உப்புவது, தொற்றுகள் எளிதில் பற்றுவது எல்லாம் கார்ட்டிசோனையும் ஸ்டீராய்டு எனப்படும் அதன் வகை மருந்துகளையும் நீண்ட நாள் சாப்பிடுவதன் விளைவுகள். ஆகவேதான் எந்த மருத்துவர் கொடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத, "மூன்றே நாளில் மூட்டு வலி போகும்" என்ற வாக்குறுதியோடு விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் தொடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மூன்று நாளில் அதிசயம் நிகழ்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். இன்றைக்கு இந்த நோய்க்கு அடிப்படை மருந்தாக இருக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அது வேலை செய்யத் தொடங்கவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். அந்த வாரங்களில் மனம் தளர்ந்து மருந்தை விட்டுவிடுபவர்களை எனக்குத் தெரியும். மூட்டுச் சேதத்தின் கணிசமான பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் நிகழ்வதால், அந்தப் பொறுமைக்கு விலை மதிப்பு மிக அதிகம்.

மருத்துவம் இந்த மாறும் தன்மையை ஏற்றுக்கொண்டே நோயை அளக்கிறது. நிபுணர்கள் இருபத்தெட்டு மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி வீக்கத்தையும் வலியையும் எண்ணுகிறார்கள். இரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி பார்க்கிறார்கள். அதோடு, நோய் உங்களை எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு கோட்டில் குறிக்கச் சொல்லி, அந்தக் குறியையும் கணக்கில் சேர்க்கிறார்கள். நோயாளியின் சொல்லுக்கு அந்த அளவீட்டிலேயே இடம் இருக்கிறது. அந்த அளவீடும் முழுமையானதன்று. இருபத்தெட்டில் பாதமும் கணுக்காலும் வருவதில்லை, எனக்கு அதிகம் வலிப்பதோ பாதம்தான். ஆனாலும் ஒரே நாளின் தோற்றத்தை வைத்து முடிவு சொல்லாமல், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து போக்கைப் பார்க்கிறார்கள்.

வேலை செய்யும் இடத்தில் இந்த நிதானம் கிடைப்பதில்லை. நான் ஆசிரியை. கரும்பலகையின் மேல்வரிசையில் எழுதத் தோள் உயர வேண்டும், விடைத்தாள் திருத்த விரல் மடங்க வேண்டும், காலை வழிபாட்டில் நிற்கப் பாதம் தாங்க வேண்டும். முன்பு பணிபுரிந்த ஒரு பள்ளியில், முதல் பாடவேளையை மட்டும் வேறொருவருக்கு மாற்றித் தரும்படி மருத்துவச் சான்றோடு கேட்டேன். விளையாட்டு விழாவன்று மைதானம் முழுக்க நடந்தீர்களே என்று பதில் வந்தது. நடந்தது உண்மை; அது மாலை நான்கு மணி, நல்ல வாரம். அதற்கு அடுத்த இரண்டு நாட்கள் நான் படுக்கையில் கிடந்ததும் உண்மை. என் நல்ல மாலை எனக்கு எதிரான சாட்சியாக்கப்பட்டது. அப்படிச் சில முறை நடந்தால் நோயாளிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? நல்ல நாளில்கூடச் சிரிக்கவும் வேகமாக நடக்கவும் அஞ்சுவார்கள். அசைவுதான் மூட்டைக் காக்கும் என்று மருத்துவர் சொல்ல, அசைந்தால் நம்ப மாட்டார்கள் என்று ஊர் சொல்கிறது.

சட்டத்திலும் இந்த இடைவெளி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், முந்தைய சட்டத்தில் ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கியது. ஏறி இறங்கும் இயல்புள்ள நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், இரத்த நோய்களான ஹீமோஃபிலியா, தலசீமியா எல்லாம் அதில் உள்ளன. முடக்குவாதம் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. மூட்டு நிரந்தரமாகக் கோணி, அசைவு இத்தனை பாகை குறைந்தது என்று அளக்கும் நிலை வந்தால், இயக்கக் குறைபாடு என்ற வகையில் சான்றிதழ் பெறலாம். இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் வேண்டும். அதாவது, ஒழுங்காக மருந்து சாப்பிட்டு மூட்டைக் கோணாமல் காப்பாற்றிக்கொண்டவருக்கு, காலையில் எழ முடியாத நாட்கள் எத்தனை இருந்தாலும், காட்டுவதற்குக் காகிதம் இல்லை. இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. ஒரு பாதிப்பு தற்காலிகமாக நின்றிருந்தாலும், திரும்ப வர வாய்ப்பிருந்தால் அது தொடர்வதாகவே கொள்ள வேண்டும் என்றும், மருந்தால் அடங்கியிருக்கும் பாதிப்பை மருந்து இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் அதன் முதல் அட்டவணை சொல்கிறது. நம் சட்டத்திலும் இப்படி இரண்டு வரிகள் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டு விசேஷங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் வலித்தது அங்கேதான். இந்த நோய் வந்த பிறகு "கண்டிப்பா வர்றேன்" என்று யாருக்கும் சொல்ல முடிவதில்லை. வளைகாப்புக்கு வருகிறேன் என்று சித்திக்குச் சொல்லியிருப்பேன். புடவை எடுத்து வைத்திருப்பேன். விடிந்தால் கால் ஊன்ற முடியாது. இரண்டு முறை இப்படி ஆனால், மூன்றாவது விசேஷத்துக்கு அழைப்பிதழ் வரும், தொலைபேசி வராது. போகிற இடத்திலும் தரையில் உட்கார்ந்து பந்தி, குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை, பெரியவர்கள் காலில் விழுந்து எழ வேண்டிய கட்டாயம் எல்லாம் இருக்கும். மேலைக் கழிப்பறை இல்லாத மண்டபத்துக்குத் தண்ணீர் குடிக்காமல் போய்த் திரும்பிவரும் பெண்கள் எத்தனை பேர் என்பது இந்த நோய் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் கேட்பவை பெரியவை அல்ல. பள்ளியாக இருந்தால் முதல் பாடவேளைக்குப் பதில் கடைசிப் பாடவேளை, நிற்க முடியாத நாளில் ஒரு நாற்காலி. அலுவலகமாக இருந்தால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து ஒரு மணி நேரம் தாமதமாகப் போகும் அனுமதி, விரல் ரேகை இயந்திரத்தின் முன் அதற்காகத் தினமும் விளக்கம் சொல்லாமல் இருக்கும் உரிமை. உறவாக இருந்தால், "முடிந்தால் வா, முடியாவிட்டால் சாயங்காலம் நாங்கள் வருகிறோம்" என்று அழைக்கும் மனம். விசேஷம் வைக்கும் மண்டபத்தில் நாற்காலிப் பந்தியும் மேலைக் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.